உன் பேரில் ஓடிய தண்ணீர்

என் அன்பு ஜலீல் மச்சான்,

உனக்கு சலாம் சொல்லவே வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்லிவிட்டேன், வாங்கிக்கொள்.

கடல் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் மனைவி, அதுதான் என் தங்கச்சி பரீதா, சாய்ந்தமருது மெயின் வீதிக் கடைத்தொகுதியின் மதிலில் உன் பேரில் ஒரு குழாய் வைத்தாள். அப்போதைய முதலாளி சந்தோஷமாக இடம் கொடுத்தார். வழியில் போகிறவர்கள் குடிக்கிற தண்ணீரின் நன்மை உனக்கு வந்துகொண்டே இருக்கட்டும் என்று நினைத்தோம்.

இப்போது நாட்டில் சண்டை முடிந்துவிட்டது, மச்சான். கொழும்புக் கம்பனி ஒன்று அந்தக் கட்டடத்தை வாங்கியிருக்கிறது. சுற்றாடலைக் காக்கிற கட்டடம் என்று பேரெடுக்க வேண்டுமாம். கரண்டும் தண்ணீரும் மிச்சம் பிடிக்கிற வேலைக்கு யாரைத் தலைவராகப் போட்டார்கள் தெரியுமா? ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடிவந்த என்னை! சிரிக்காதே, கழுத்தில் அட்டைகூடத் தொங்குகிறது.

நன்றாகத்தான் செய்தேன். பழைய பல்புகளைக் கழற்றினேன். ஒழுகின பைப்புகளை மாற்றினேன். ஏசியைக் குறைத்ததில், மாடியில் இருக்கிற வங்கிக்காரர்கள் என்னைக் கண்டால் சட்டையை உதறிக் காட்டுவார்கள். கம்பனியின் பாராட்டு வரவர தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. அந்த வீக்கத்தில்தான் மதில் குழாயையும் பூட்டினேன்.

உன் நினைவு வரவில்லையா என்று கேட்பாய். வந்தது, மச்சான். வந்தும் பூட்டினேன்.

மறுநாள் காலை குழாயடியில் பரீதா நிற்கிறாள். கையில் கோப்பை, காலடியில் வீட்டிலிருந்து சுமந்து வந்த தண்ணீர்க் குடம். வழியில் போகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறாள்.

“ஏன் புள்ள வெயில்ல நிக்கிறாய்?” அண்ணன்காரன் மிடுக்கில் கேட்டேன்.

“குழாய்ல தண்ணி வரல்ல காக்கா. அவருக்குப் போற நன்மை நிண்டு போயிருமே.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கண்டா விடுவீங்களா? திருத்திருவீங்க எண்டு தெரியும்.”

கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டைக்குள் தள்ளினேன். ஒருமாதிரி, “நான்தான் புள்ள பூட்டின” என்றேன்.

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் கோப்பையில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

“முதல்ல குடிங்க காக்கா. அதுவும் அவருக்குப் போய்ச் சேரட்டும்.”

குடித்தேன். உன் தண்ணீரை மறித்தவன் குடித்ததும் உனக்கு நன்மையாக எழுதப்படுமா, மச்சான்?

நேரே போய்க் குழாயைத் திறந்தேன். மனேஜர் ஓடிவந்தார்.

“என்ன மன்சூர், தண்ணிச் செலவு ஏறுமே?”

“ஏறாது சேர். உங்கட காரக் கழுவுற பைப்பப் பூட்டிட்டன். மழைக்குள்ள விடுங்க, சும்மா பளபளக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி மிச்சம் பிடிப்பதென்றால் உள்ளே இருக்கிற எங்களிலிருந்துதான் தொடங்குவேன். இந்த வேலையே போனாலும் தாகத்தோடு வருகிறவனின் தண்ணீரில் கை வைக்க மாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் பரீதாவின் முகத்தைப் பார்க்க இன்னும் வெட்கப்படுகிற அவளுடைய காக்கா,
உன் மச்சான் மன்சூர்