தொண்ணூற்றெட்டு மதிப்பெண்

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. ஆனாலும் ஒரு கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் தொண்டை வலி போய்விட்டதா என்று எழுது. வகுப்பில் கத்திக் கத்திப் பேசாதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ என்னை எங்கே பேசவிடுகிறாய்? ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் அழுதாய். 'நான்தானேப்பா பண்ணேன், நானே ஆபீசுக்கு எழுதிப் போடறேன், லெட்டர்கூட எழுதி வெச்சுட்டேன்' என்றாய். போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்த லெட்டரை அனுப்பாதே. மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறுவதில்லை. துணி காயப்போடுவது இப்போது என் வேலை. பகலெல்லாம் வீட்டில் இருக்கும் மனுஷனுக்கு வேறு என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் முதல் இரண்டு நாள் 'என்ன சார், லீவா' என்று கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து கேட்பதில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள்.

அம்மா அழுகையோடு சொன்னதில் பாதிக் கதைதான் உனக்கு வந்திருக்கும். நான் வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் அதில் வரும், பொறுத்துக்கொள். முப்பத்தோரு வருஷம் சரித்திரம் நடத்தியவனுக்கு நடுவிலிருந்து ஆரம்பிக்க வராது. பிள்ளைகள் எனக்குத் 'தேதி சார்' என்று பேர் வைத்ததும் சும்மா இல்லை.

எல்லா வகுப்பறையிலும் கரும்பலகையைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள். அதைப் பயன்படுத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி வைத்தார்கள். முப்பது பாடம். ஒவ்வொன்றிலும் வீடியோ, கடைசியில் கேள்விகள். குறித்த தேதிக்குள் முடித்துச் சான்றிதழ் வாங்காதவர்கள் அடுத்த வருஷம் வகுப்பெடுக்க முடியாது, அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு அடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஆறு வாரத்தில் நான் தாண்டியது நாலு பாடம். ஐந்தாவதில் படத்தை இழுத்து ஒரு கட்டத்துக்குள் வைக்கச் சொன்னது. நான் இழுத்தால் அது வராது. வந்தால் வேறெங்கோ போய் நிற்கும்.

அப்போதுதான் நீ மூன்று நாள் விடுமுறைக்கு வந்தாய். உன் லேப்டாப்பையும் கொண்டுவந்தாய், உனக்கும் இதே பயிற்சியில் கடைசிப் பாடங்கள் பாக்கி இருந்தன. எனக்குச் சொல்லிக்கொடு என்று உன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தாய். என் விரல் தடுமாறுவதைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பரிதாபம் வந்தது. 'தள்ளுங்கப்பா, நான் முடிச்சுத் தர்றேன், நீங்க போய் அம்மாவோட பேசிட்டு இருங்க' என்றாய். என் பாஸ்வேர்டைக் கேட்டாய், சொன்னேன். நான் தள்ளி உட்கார்ந்தேன், கண்ணு. நீ தள்ளவில்லை. அப்பா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தாய். அந்த மூன்று நாளும் வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அம்மா பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். அதையெல்லாம் தவறு என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ கொஞ்சம் மட்டமாகச் செய்திருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. எங்கள் வட்டாரத்திலேயே முதலிடம். தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, வயது ஒரு தடையல்ல என்பதற்கு நம் சாரே உதாரணம் என்றார். அறுநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த நிமிஷமே 'மேடம், இது என் மகள் போட்ட மார்க்' என்று சொல்லியிருந்தால் தலைகுனிவோடு போயிருக்கும். நான் சொல்லவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் எனக்கென்று யாரும் கைதட்டியதில்லை. அது நன்றாக இருந்தது. காரியம் கெட்டது அங்கேதான், லேப்டாப்பில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஆணை வந்தது. மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு நேரில் பயிற்சி கொடுக்க என்னைக் கருத்தாளராகப் போட்டிருந்தார்கள். உனக்குப் போனில் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். 'சமாளிச்சுடுவீங்கப்பா' என்றாய். சமாளித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இதில் ஒரு கூத்து உனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியிலேயே கணக்கு டீச்சர் புதன்கிழமை தோறும் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம், போர்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். யாரும் கேட்டு அல்ல, அவராகவே. வீடியோவில் புரியாததெல்லாம் அவர் கையைப் பிடித்துக் காட்டினால் புரிகிறது என்று பாட்டு டீச்சர்கூடச் சொன்னார். எனக்கு அங்கே போய் உட்கார ஆசை. வட்டாரத்தில் முதல் மார்க் வாங்கியவன் ஆரம்பப் பாடத்தில் போய் எப்படி உட்காருவான்? வராந்தாவில் நின்று, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மூன்று புதன்கிழமை நின்றேன். ஒருநாள் அவர் எட்டிப் பார்த்து, 'உள்ள வாங்க சார், நீங்க வந்தா எங்களுக்கும் நாலு விஷயம் தெரியும்' என்றார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் பஸ்ஸில் போவதே இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பயிற்சி நாளன்று வேறொரு பள்ளியின் பெரிய கூடத்தில் அறுபத்திரண்டு பேர். பின்வரிசையில் மேற்பார்வை அதிகாரி. நான் செய்யவேண்டியதையெல்லாம் டைரியில் வரிசையாக எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனேன். வணக்கம் சொல்லி, போர்டின் அடியில் இருந்த பேனாவை எடுத்துத் தேதியையும் தலைப்பையும் எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் நன்றாக வந்தது. கூடம் அமைதியாக இருந்தது. என் எழுத்தைப் பார்த்து அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த பக்கம் போக விரலால் தள்ளினேன். பின்னால் படம் மாறியது, எழுத்து மாறவில்லை. மறுபடி தள்ளினேன். அப்படியே நின்றது. அது போர்டுக்கான பேனா இல்லை, யாரோ அட்டைப் பெட்டிக்குப் பெயர் எழுத வைத்திருந்த அழியாத மை மார்க்கர். கண்ணாடித் திரையின்மேல் அதைக்கொண்டு எழுதியிருக்கிறேன். முன்வரிசையில் ஒருவர் நான் வேண்டுமென்றே வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அவர்கள் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. எல்லோரும் தங்கள் நோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் வாத்தியார்கள், அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது.

எனக்கு உதவிக்கென்று எங்கள் பள்ளியிலிருந்து அனுப்பியிருந்த கணக்கு டீச்சர்தான் எழுந்து வந்தார். எங்கிருந்தோ பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து துடைத்தார். பக்கத்தில் நின்று மெதுவாக, 'உட்காருங்க சார், நான் பாத்துக்கறேன்' என்றார். மூன்று மணி நேரம் அவரே நடத்தினார். நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன். உனக்கு ஒன்று சொல்லட்டுமா, அந்தப் படத்தை இழுத்துக் கட்டத்துக்குள் வைக்கும் வித்தை அன்றைக்கு எனக்குப் புரிந்தது. விரலை அழுத்தி ஒரு நொடி பொறுத்து இழுக்க வேண்டுமாம். அவ்வளவுதான் விஷயம்.

அதிகாரி கூப்பிட்டார். தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்றார். கையிலிருந்த டைரியைப் புரட்டினேன், அதில் அதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. ஒரு வாரத்தில் மெமோ வந்தது. இன்னொருவர் உதவியோடு முடித்தேன், தவறு முழுவதும் என்னுடையது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த இன்னொருவர் யார் என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். என் பணிப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே அவர், 'உங்க பொண்ணும் டீச்சர்தானே' என்றார். 'ஆமா சார், அவ வேலைக்குப் போனதுலேர்ந்து வீட்டுக்கே வரலை, லீவே கிடைக்கிறதில்லை' என்றேன். ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது அந்தப் பொய். என்னால் இவ்வளவு சரளமாகப் பேச முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

வெளியே வந்தபோது அலுவலகக் கிளார்க் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். என்னிடம் படித்த பையன்தான், இப்போது தலை நரைத்துவிட்டது. 'சார், எந்த ஐடி எந்த மெஷின்லேர்ந்து உள்ள வந்துச்சுன்னு பயிற்சி நடத்துனவங்களைக் கேட்டா கொடுத்துடுவாங்க. அதே மெஷின்ல வேற யாரு ஐடி இருக்குன்னும் வந்துடும். யாருன்னு நான் கேக்கலை. நீங்க விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துட்டா அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க' என்றார். உன்னுடைய லேப்டாப். உன்னுடைய ஐடி, என்னுடைய ஐடி, ஒரே மூன்று நாள். அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் இருந்தது. அம்மாவிடம் கேட்காமல் செய்துவிட்டேன் என்பதில்தான் அவளுக்கு வருத்தம். டீ வேண்டுமா, கதவைச் சாத்தவா என்பதற்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. பேசுவாள், நாளாகும்.

கடைசி நாள் பிரிவுபசாரம் எதுவும் வேண்டாம் என்றேன், அவர்களும் வற்புறுத்தவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வாசலில் நின்றார்கள். பாடம் பாதியில் நிற்கிறது, தேர்வுக்கு எந்தத் தேதியெல்லாம் முக்கியம் என்று ஒருத்தி கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

இப்போது உன் விஷயம். உனக்குத் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு மெமோ வந்தால் காரணம்கூடக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீ எழுதினால் எனக்கு வேலை திரும்பி வராது, உனக்கும் போகும். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைப்பாய். ஆகும். உன் மனசு லேசாவதற்கு உன் வாழ்க்கையைக் கொடுக்காதே. நான் கொடுத்தது வீணாகப் போகக் கூடாது என்று கெஞ்சித்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுத இரண்டு நாளாகக் கை வரவில்லை. என் கோப்பில் கடைசிக் கையெழுத்து இன்னும் விழவில்லை. அதற்குள் உன் பள்ளிக்குப் போன் செய்து கேட்டாலும் கேட்பார்கள். பொய் சொன்னால் உன்னைச் சின்ன வயதில் சுவரைப் பார்த்து நிற்கவைத்தவன் நான். இப்போது நானே சொல்லித்தருகிறேன். வேலைக்குப் போனதிலிருந்து நீ வீட்டுக்கு வரவில்லை. அந்த மூன்று நாளும் அங்கே நீ தங்கியிருக்கும் அறையிலேயே இருந்தாய், உடம்பு சரியில்லை. இதற்கு மட்டும் அம்மா வாயைத் திறந்தாள், முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. 'வந்த புள்ளைய வரலைன்னு எப்படிங்க சொல்றது' என்று கேட்டாள். பிறகு, நீ அப்போது விட்டுப்போன துணிகளை எடுத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த விடுமுறைக்கும் வராதே. அம்மா கூப்பிட்டாலும் வராதே. பதினாலு மாதம் ஓடிவிடும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, நீ ஆபீசுக்கு எழுதி வைத்த லெட்டரையும் சேர்த்துக் கிழி. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருப்பாய். யார் கேட்டாலும் குரல் நடுங்காமல் சொல்லு, கண்ணு. நீ வரவில்லை. நாங்கள் உன்னைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா