கீழே தட்டினால் எரியும் சுவிட்ச்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மேற்கே மலையே தெரியவில்லை. சேத்தூர் வேலைக்குப் போகவில்லை. ஈரச் சுவரில் துளை போட்டு ஷாக் வாங்குகிற வயதெல்லாம் தாண்டியாச்சு.

செய்ய வேண்டியவை: இன்சுலேஷன் டேப் ஆறு. பைக் செயினுக்கு எண்ணெய். மாவு அரைக்க. பல் டாக்டர் (அடுத்த வாரம் பார்ப்போம்).

பதினோரு மணிக்கு பெங்களூரிலிருந்து பாப்பா போன். பாப்பாவுக்கு இருபத்தாறு வயது. ஆபீசில் சங்கரி, வீட்டில் பாப்பா.

"அப்பா, பொங்கலுக்கு வந்தப்ப விட்டுட்டுப் போனேன்லா கேம் பெட்டி, அது எங்க?"

"டிவிக்கு அடியில பத்திரமா இருக்கு." அதன் மேல் முருகன் படம் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

"நான் வேலை செஞ்ச கேமோட டிஸ்க் அனுப்பினேனே, போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தோம், பாத்தோம். நல்லாருந்துச்சு."

"பிளாஸ்டிக் கவரப் பிரிச்சீங்களா?"

நான் முருகனைப் பார்த்தேன். முருகன் என்னைப் பார்த்தார்.

அவள் சொன்னது: அந்த விளையாட்டில் ஓர் இடத்தில் அவளாகவே ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள். யாரிடமும் கேட்கவில்லை. விளையாடின எவரோ அதைத் தப்பு என்று புகார் எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை திருத்தம் வருகிறது. அதற்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் அது இருக்காது.

"என்னத்தட்டி ஒளிச்ச?"

"சொல்ல மாட்டேன். பாத்தா உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

"ஒரு போட்டோ அனுப்பேன்."

"அனுப்பலாம். ஆனா அனுப்ப மாட்டேன். மூணு வருசமா நான் என்ன வேலை பாக்கேன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? இதையாச்சும் தேடிப் பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்கிறவர்களிடம் எல்லாம் "மக கம்ப்யூட்டர்ல இருக்கா, பேங்க் சம்பந்தமா" என்றுதான் சொல்லி வருகிறேன். விளையாட்டுக்குப் படம் வரைகிறாள் என்று சொல்ல வாய் வந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும் போல.

ஐந்து நாள்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. சாயங்காலம் முருகனைக் கும்பிட்டு, நகர்த்தி, பெட்டியை டிவியில் மாட்டினோம். வீட்டுக்காரி செண்பகம் (இனி 'செ.' என்றே எழுதுவேன், மை மிச்சம்) துடைத்துக் கொடுத்தாள்.

கதை இதுதான். கடல் தண்ணீர் புகுந்த ஒரு வெளிநாட்டுத் துறைமுக ஊர். ஊர் முழுக்க இருட்டு. ஒரு பெண் கையில் டார்ச்சோடு கட்டிடம் கட்டிடமாகப் போய் விளக்குப் போட வேண்டும். அட, நம்ம தொழில்! நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

முதல் அறை. சுவரில் சுவிட்ச். பெட்டியோடு வந்த கைப்பிடியில் இருக்கும் குச்சியைக் கீழே இழுத்தேன். எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கும் போனது. அந்தப் பெண் படியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்து செத்தாள்.

மறுபடி கீழே. மறுபடி செத்தாள்.

செ. சொன்னாள்: "மேல தள்ளிப் பாருங்களேன்."

மேலே தள்ளினால் எரிகிறது! அந்த ஊரில் மேலே என்றால் ஆன், கீழே என்றால் ஆஃப். என் கைக்கு இது ஏறவில்லை. முப்பது வருஷமாக ராஜபாளையம் வட்டாரத்தில் கீழே தட்டி விளக்கு எரிய வைத்த கை. ஒவ்வொரு அறையிலும் தானாகக் கீழே போகிறது. இன்று ஒன்பது முறை செத்தேன்.

"தொழில்காரர் கையப் பாரு. உங்கள நம்பி வீட்டுக்குள்ள விடுதாகளே, அவியளச் சொல்லணும்" என்று சொல்லிப் பிடியை வாங்கிக்கொண்டாள். அடுப்பு வேலைக்கு நடுவில் நாலு கட்டிடத்துக்கு விளக்குப் போட்டுவிட்டாள். தோசை திருப்புகிற கை. எனக்கு அடுத்த கட்டிடம் தேடுகிற வேலை. அதாவது எடுபிடி.

நவம்பர் 4, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர். மடவார் வளாகத்தில் ரிட்டயர்டு டீச்சர் வீடு. பதினேழு வருஷம் முன்பு நான் ஒயரிங் செய்த வீடு. பழைய மரப் போர்டுகளைக் கழற்றிவிட்டு புதுசு மாட்ட வேண்டும். இன்று மூன்று கழற்றினேன். ஒவ்வொரு மூடியின் உள்பக்கமும் பென்சிலில் 'மு. ஒயரிங்', மாதம், வருஷம். 'மு.' என் பெயரின் முதல் எழுத்து. என் பழக்கம் அது. பின்னால் கோளாறு வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா? அடுக்களைப் போர்டு மூடியில் பாதிக்குக் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகிற சாக்கில் போட்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாப்பாவுக்கு போன். துப்பு ஏதாவது கிடைக்குமா என்றுதான் கூப்பிட்டேன். துப்பு கொடுக்கவில்லை. பதிலுக்கு வேறு என்னென்னவோ சொன்னாள். சோற்றுக் கை காய்கிற வரைக்கும் கேட்டேன். மறக்கும் முன் எழுதுகிறேன்:

ஒரு விளையாட்டில் ரயில் ஓட வேண்டும். ரயில் ஓட்ட அவர்களுக்கு வழி இல்லை. என்ன செய்தார்கள்? ஓர் ஆளுக்கு ரயிலைத் தொப்பி மாதிரி மாட்டி, தண்டவாளத்துக்கு அடியில் ஓட விட்டார்கள். ஆள் ஓட ஓட, மேலே ரயில் போகிறது. (கேட்டதும் புரை ஏறிவிட்டது. டீச்சர் தண்ணீர் கொடுத்தார்கள்.)

பழைய விளையாட்டு ஒன்றில் வானத்து மேகமும் தரையில் புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்.

லிஃப்டில் போகிற மாதிரி காட்டுவார்கள். லிஃப்ட் எங்கேயும் போகாது. அந்த நேரத்தில் அடுத்த மாடியை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

உயிர் இன்னும் துளிதான் இருக்கு என்று காட்டும்போது நிஜத்தில் கொஞ்சம் கூடவே இருக்கும். மயிரிழையில் தப்பித்தோம் என்று நமக்கு நெஞ்சு அடிக்கணும் என்பதற்காக.

ரொம்ப காலம் முன்னால் ஒரு கம்பெனி விளையாட்டு செய்கிறவர் பெயரைப் போடாதாம். ஒருத்தர் உள்ளே ரகசியமாக ஓர் அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டார். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அந்த அறை திறக்கும். கம்பெனிக்குத் தெரிவதற்குள் ஊரெல்லாம் விற்றுவிட்டது.

"அந்த ஆளுக்கு எம்புட்டு தைரியம்!" என்றேன்.

"தைரியம் இல்லப்பா. தாங்கலை அவருக்கு" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தேன். பச்சை அடித்தால் புதர்தான். இத்தனை நாள் தோன்றவே இல்லையே.

நவம்பர் 5, புதன்

மழை, மாலையில் விட்டது. செயின் இன்னும் கறமுற. டேப் வாங்க மறந்தேன்.

செ. இப்போது என்னைக் கேட்பதே இல்லை. அந்தப் பெண்ணை மாடிக்கு மாடி தாவ விடுகிறாள். "வழுக்கும் தாயி, பாத்து" என்று அவளிடம் பேச வேறு செய்கிறாள். இன்று துறைமுகம் முடிந்தது. மிச்சம் மீன் குடோன், தண்ணீர் ஏற்றும் பம்ப் அறை, கலங்கரை விளக்கம்.

அங்கே கிடக்கும் குப்பைத்தொட்டிகளைப் பார்த்து பாப்பாவிடம் கேட்டதில், "அதுல முப்பத்திரண்டு நான் செஞ்சது" என்கிறாள். குழாய், சுவரில் பாசி, துருப்பிடித்த கதவு, எல்லாம் அவளாம். ஒரு தொட்டியின் கிட்டே போய் நின்றோம். அடியில் ஈரம், பக்கத்தில் ஒரு நசுங்கல். நம்ம தெருமுனைத் தொட்டிக்கு இருக்கிற அதே நசுங்கல். செ. பெருமூச்சு விட்டாள். குப்பைத்தொட்டியைப் பார்த்து இப்படி வாய் பிளப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் 'பெயர்கள்' என்ற இடத்தைத் திறந்தோம். வேலை பார்த்தவர்கள் பட்டியல். ஓடுகிறது, ஓடுகிறது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டேன். காபி ஆறியது. பாட்டுப் போட்டவர், கணக்குப் பார்த்தவர், சமையல் செய்தவர். கடைசியில், இந்த விளையாட்டு செய்கிற காலத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகள் பெயர்கூட வரிசையாக வந்தது. வழக்கமாம்.

பாப்பா பெயர் இல்லை. மறுபடி ஓட விட்டோம். இல்லை.

"நேத்துப் பொறந்த பிள்ளைக பேரெல்லாம் இருக்கு, நம்ம பிள்ள பேரக் காணோமே" என்றாள் செ.

போன் போட்டேன். தன்னைப் போல வெளியாள் கம்பெனி வழியாகச் செய்கிறவர்கள் பெயர் வராது என்று சாதாரணமாகச் சொன்னாள். "பழகிருச்சுப்பா."

பேங்க் சம்பந்தமா என்று நான் சொல்லி வந்ததும் இந்தப் பட்டியலும் ஒன்றுதான். இரண்டிலும் அவள் இல்லை. இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. (இரண்டு தோசைக்குப் பிறகு.)

நவம்பர் 6, வியாழன்

மடவார் வளாகம் வேலையைப் பாதியில் விட்டு நாலு மணிக்கே வந்துவிட்டேன். டீச்சரிடம் வயிற்று வலி என்றேன். செ. பிடியைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

மீன் குடோன்: ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம் மீன் பெட்டிகளை எண்ணினோம். பம்ப் அறை: குறுகலான படி இறங்கி உள்ளே. தலைக்கு மேல் ஒரே ஒரு மங்கல் விளக்கு. சுவரில் மரப் போர்டு. செ. மேலே தள்ளினாள். இருந்த விளக்கும் அணைந்தது. டார்ச் பெண் தண்ணீரில் விழுந்து செத்தாள்.

"என்னங்க இது? இம்புட்டு நாளும் மேலதான எரிஞ்சுது?"

மறுபடி. மறுபடி செத்தாள். செ.வுக்கு இப்படி இதுவரை நடந்ததே இல்லை. கோபத்தில் பிடியை என் மடியில் போட்டாள்.

என் கை யோசிக்கவில்லை. கீழே தட்டியது.

எரிந்தது. அறை முழுக்க. பம்ப் உறுமி ஓட ஆரம்பித்தது.

ஊர் முழுக்க மேலே. இந்த ஓர் அறையில் மட்டும் கீழே. புகார் எழுதின ஆளுக்கு இது தலைகீழ் சுவிட்ச். எனக்கு இது நேர்.

"செத்த நேரம் அசையாதட்டி" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. போர்டின் மூடி லேசாகத் திறந்து தொங்கியது. உள்பக்கம் நிழல். செ. எட்டி பொத்தானை அமுக்கி டார்ச் அடித்தாள்.

பென்சில் எழுத்து. தமிழில். அந்த வெளிநாட்டுத் துறைமுகத்தில்.

மு. ஒயரிங்.
டார்ச் பிடித்தது: பாப்பா.

'மு' என் 'மு'. வாலை நீட்டி இழுக்கிற கெட்ட பழக்கம் வரைக்கும்.

செ. டார்ச்சை அதன் மேலேயே பிடித்திருந்தாள். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

இரண்டாவது வரி நான் எப்போது எழுதினேன்? ஞாபகமே இல்லை. காலையில் எழுந்ததும் சாக்கைக் கொட்டினேன். அடுக்களைப் போர்டு. குளவிக் கூட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். மண் உதிர்ந்தது.

டார்ச் பிடித்தது: பாப்பா.

பாப்பாவுக்கு போன். எடுத்தாள்.

"கண்டுபிடிச்சேன்."

"கீழ தட்டுனீங்களா?"

"வேற எங்க தட்டுவேன்?"

சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் நனைந்த மாதிரி. அப்போது ஒன்பது வயதாம் அவளுக்கு. லீவு நாளில் என்னோடு வந்து மூன்று மணி நேரம் டார்ச் பிடித்தாளாம். நான் என் பெயரை மட்டும் எழுதி மூடியை மாட்டினேனாம். "வெளிச்சம் நாந்தான பிடிச்சேன்?" என்று அழுதாளாம். மூடியைத் திரும்பக் கழற்றி எழுதினேனாம். நான் மறந்துவிட்டேன். அவள் ஒரு கடல் தாண்டி அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

"அந்தப் பட்டியல்ல உன் பேரு இல்லையே பாப்பா."

"பட்டியல்ல இல்ல. போர்டுல இருக்குல்லா."

"இன்னைக்குப் போயிரும்ங்கியே."

"போட்டும்ப்பா. நீங்க பாத்துட்டீங்கள்ல. பொறவு என்ன?"

செ. போனைப் பிடுங்கினாள். "ஏட்டி, திருத்தம் எது வழியா வரும்?"

"நெட் வழியாம்மா. பெட்டி நெட்ல இருந்தா தானா மாறிரும்."

"இல்லன்னா?"

"...இல்லன்னா டிஸ்க்ல இருக்க மாதிரியே இருக்கும்."

செ. என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத் தொழில் அனுபவம் முழுவதையும் திரட்டி, சுவரிலிருந்து நெட் ஒயரைக் கழற்றினேன்.

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். மலை துல்லியம். டேப் வாங்கியாச்சு.

டீச்சர் வீடு முடிந்தது. "வயித்து வலி எப்படி இருக்கு? மக எங்க வேலை பாக்குதுன்னு சொன்னீங்க, பேங்க்லயா?" என்றார்கள்.

"இல்ல டீச்சர். வீடியோ கேம் செய்யுதா. ஒரு வெளிநாட்டு ஊருக்கே அவதான் சுவரு, குழாயி, குப்பைத்தொட்டி. அங்க ஒரு பம்ப் ரூம் இருக்கு..." அரை மணி நேரம் சொன்னேன். ரயில் தொப்பியையும் சேர்த்துச் சொன்னேன். டீச்சருக்கும் புரை ஏறியது.

நெட் ஒயர் என் டூல்ஸ் பையில் இருக்கிறது. டிவி சேனலும் அதே ஒயரில்தான் வந்தது; நேற்றிலிருந்து செ.வுக்கு சீரியல் இல்லை. பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கிறாள். "எம்புட்டு நாளைக்குங்க இப்படி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பெட்டியைப் போட்டாள்.

மற்ற வீடுகளில் எல்லாம் இந்நேரம் மாறியிருக்கும். சாயங்காலம் மூன்று தடவை அந்தப் படியில் இறங்கினோம். அங்கே எங்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. சும்மாதான். செ. டார்ச் பிடித்தாள். நான் கீழே தட்டினேன். எரிந்தது.