திங்கட்கிழமைக் கணக்கு

8-7-2003, செவ்வாய்

"எந்த நேற்று, சார்?" என்று நான் இன்று கேட்கவில்லை.

கூட்டத்தில் எங்கள் குடிப்பழக்க ஆய்வின் நான்காம் அட்டவணையைத் திரையில் காட்டினார்கள். 'நேற்று குடித்தீர்களா?' என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள், தாய்மொழி வாரியாக. கன்னடம் பதினாறு சதவீதம், தெலுங்கு பதினெட்டு, தமிழ் நாற்பத்தொன்று. கணக்குப் போட்டவள் நான். இயக்குநர் கோவிந்தப்பா என்னைப் பார்த்து, "எல்லாம் உங்க ஜனா தானே, மங்களம்" என்றார். சிரித்தார்கள். ஆகஸ்டில் பீன்யா தொழிற்சாலை முதலாளிகளுக்கு இதைக் காட்டப்போகிறாராம். பார்த்தபிறகு எவன் தமிழனை வேலைக்கு எடுப்பான்?

பக்கத்து மேசை வீணா, இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்த தமிழச்சி, "ஏன் மங்களம், உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்றாள். அவளுடைய டிபன் பாக்ஸைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. தயிர்சாதம். எறியவும் லாயக்கில்லை.

கேட்டிருக்க வேண்டும். தேதிகளைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். தமிழ் வீடுகளில் கேள்வி கேட்டது அத்தனையும் திங்கட்கிழமை. மற்றவர்கள் புதன், வியாழன், வெள்ளி. எங்கள் ஆட்களுக்கு மட்டும் 'நேற்று' என்றால் எப்போதும் ஞாயிறு.

பஸ்ஸில் நாவலில் பதினைந்து பக்கம் புரட்டினேன். ஒரு வரி ஏறவில்லை.

10-7, வியாழன்

களப்பணியாளர்களில் வீடு வீடாகப் போய்த் தமிழில் கேள்வி கேட்பவர் நோயல் ஒருவர்தான். திங்கட்கிழமையை யார் வைத்தது என்று அவரிடம் கேட்டேன்.

"சார்தான் மேடம். மத்த நாள்ல ஜீப்பு மத்த டீமுக்கும் அவரு வூட்டு வேலைக்குமே சரியாப்பூடுது. திங்கக்கெழம காலைல ஈஜிபுராவுல நம்மாளுங்க கதவத் தட்னா, அவன் வாயத் தொறந்தாலே பதிலு வந்துடும். கேக்கவே தேவல."

சிரித்துவிட்டேன். அப்புறம் எரிச்சல்.

17-7

நோயல் இன்று, வியாழக்கிழமை, தானாகவே பஸ் ஏறி அதே தெருக்களுக்குப் போய் வந்தார். நாற்பது பேரில் நேற்று குடித்தவர்கள் ஏழு பேர். அவ்வளவுதான். எல்லோரையும் போலத்தான்.

18-7

கோவிந்தப்பாவிடம் காட்டினேன்.

"நாப்பது பேர வெச்சு என்னம்மா சொல்றது?"

"கிழமைய நீங்கதானே சார் வெச்சீங்க."

பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "உங்க காண்ட்ராக்ட் செப்டம்பர்ல முடியுதில்ல?" என்றார்.

முடியட்டுமே. என்ன செய்துவிடுவான் இந்த ஆள்? இந்த ஆய்வுக்குப் பணம் தரும் தில்லி அலுவலகத்துக்கு நானே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு எழுத்துப்பிழை வருவதில்லை.

12-8

தில்லியிலிருந்து பதில்: தவறைச் சரிசெய்யாமல் அட்டவணையை எங்கும் காட்டக்கூடாது. பீன்யா கூட்டம் ரத்து. வீணா தானாக வந்து பேசினாள் — ஜெயித்துவிட்டேனா?

23-9, செவ்வாய்

அறிக்கை அச்சாகி வந்தது. நான்காம் அட்டவணையில் தமிழ் என்ற வரியே இல்லை. அடியில் பொடி எழுத்தில், 'களப்பணியாளரின் தவறு காரணமாகத் தமிழ்க் குடும்பங்கள் சேர்க்கப்படவில்லை' என்று இருக்கிறது.

நோயலை வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் காண்ட்ராக்ட் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது.