மூன்று சீட்டும் மூன்று நோன்பும்

ஷவ்வால் பிறை 12, வெள்ளி (29 ஓகஸ்ட் 1947)

ஜும்ஆ முடிந்து நடுவறையில் இருந்தவர்கள்: இவர், இவருடைய உம்மா பலீலா மாமி, மைத்துனி ஜவாஹிறா, வாசற்படியில் என் தம்பி புவாத், திரைக்குப் பின்னால் எங்கள் மகள் ஹபீலா, நான். நடுவில் குர்ஆன்.

இவர் சொன்னார்: “கொட்டாஞ்சேனைக்காரருக்கு மூணு ஆசனம், அதால ஆளுக்கு மூணு வோட்டுச் சீட்டு. மூணையும் ஒரே பெட்டியில போடலாம். மஞ்சள் பெட்டி. கைய வெச்சுச் சொல்லுங்க.”

வோட்டுக் கேட்கிற ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி; புறக்கோட்டையில் இவருக்குக் கடை எடுத்துக் கொடுத்தவர்தான் மஞ்சள் பெட்டிக்காரர். மாமி கை வைத்தார். ஜவாஹிறா வைத்தாள். “மச்சான், இது ரகசிய வோட்டு” என்று புவாத் சிரித்தான். “வீட்டுக்குள்ள என்னடா ரகசியம்?” என்றார் இவர்.

நானும் வைத்தேன். “மூணும் மஞ்சள், வல்லாஹி.” அல்லாஹ்மேல் சத்தியம் சொன்னது என் குரல்தான்.

பிறை 13

பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பு நேற்று முன்தினத்தோடு முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். கூப்பன் அரிசி எடுத்தாயிற்று. கணக்கில் இரண்டு சதம் இடிக்கிறது. எங்கே விட்டேன்?

பிறை 15, திங்கள்

இரண்டு சதமும் கொத்தமல்லியில் அகப்பட்டது.

புவாத் வந்து குசினி வாசலில் குந்திக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தான். அவன் எழுத்துக் கோக்கும் அச்சகத்தில் இந்தக் கிழமை தேர்தல் பற்றிய கட்டுரையாம். இங்கிலாந்தில் நிறப் பெட்டி இல்லை. தாளில் பெயர்களை அச்சடித்துக் கொடுப்பார்கள், வேண்டியவர் பெயருக்கு நேரே பென்சிலால் பெருக்கல் குறி போலப் புள்ளடி. அநேகமான இடங்களில் ஒருவருக்கு ஒரு புள்ளடிதான், தொகுதிக்கு ஒரு ஆள்தான். அமெரிக்காவில் சனாதிபதியை சனங்கள் நேரே தெரிவுசெய்வதில்லை, தெரிவுசெய்கிறவர்களைத்தான் தெரிவுசெய்கிறார்கள். பிரான்ஸில் பெண்கள் முதல்முதல் வோட்டுப் போட்டே இரண்டு வருஷம்தான் ஆகிறது. சுவிட்சர்லாந்தில் இன்னும் இல்லை. அவுஸ்திரேலியாவில் போடாமல் வீட்டில் இருந்தால் அபராதம்!

“அப்ப வீட்டில ஈக்கிறதுக்கு அபராதமெண்டா எங்களுக்கெல்லாம் ஒங்கட மச்சான்தான் கட்டணும்” என்றேன். அவன் தேத்தண்ணீரைச் சிந்திவிட்டான்.

பிறகு கேட்டேன்: “குர்ஆன்ல கை வெச்ச பொம்புளைக்கு எந்த நாட்டிலயாவது சட்டம் ஈக்கிதா?”

“அது கட்டுரையில இல்ல ராத்தா.”

பிறை 18, வியாழன்

ஹபீலா பழைய புத்தகத்தையே மறுபடி வாசிக்கிறாள். ரஜபில் பெரிய பிள்ளையானாள். அன்றைக்கே பள்ளிக்கூடமும் நின்றது. நீலப் பெட்டிக்காரரின் நோட்டீஸ் கதவிடுக்கில் கிடந்தது: முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேலும் படிப்பு, திரை போட்ட வண்டி. இரண்டு தரம் வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். இவர் பார்த்தால்?

மாலையில் மெதுவாகக் கேட்டேன். மாமி முந்திக்கொண்டார்: “பெரிய புள்ளய ரோட்டுல உடுறதா? எப்பிடிப் போவா, பறந்தா?”

இவர் சொன்னது: “எலெக்சன் முடியட்டும்.”

மூன்று மாதமாக ஏதோ ஒன்று முடியட்டும், முடியட்டும்.

பிறை 21

அரபுத் தமிழ்க் கிதாபை எடுத்து சத்தியம் பற்றிய பாடத்தைப் பார்த்தேன். சத்தியம் செய்தபின் அதைவிட நல்லதைக் கண்டால் நல்லதைச் செய்துவிட்டுப் பரிகாரம் கொடுக்க வேண்டும். பத்து ஏழைகளுக்குச் சோறு, அல்லது உடுப்பு. வசதி இல்லாதவர் மூன்று நோன்பு பிடிக்க வேண்டும்.

வீட்டுச் சல்லி ஒவ்வொரு சதமும் என் கையால்தான் போகிறது. அதில் எனக்கென்று ஒன்றும் இல்லை.

ஆனால் நல்லது எது என்று பார்ப்பது யார்? நானா? — யா அல்லாஹ், இது என் நப்ஸின், என் மன இச்சையின் வேலையா?

பிறை 24

தூக்கம் சரியில்லை. தஸ்பீஹும் பாதியில் விட்டுப் போகிறது.

பிறை 27, சனி

வோட்டு. இவர் கார் பிடித்து, கண்ணாடிகளுக்கு வெள்ளைத் துணி கட்டி எங்களைக் கொண்டுபோனார். மாமி போய் வந்தார், ஜவாஹிறா போய் வந்தாள். கடைசியாக நான்.

மறைப்புக்குள் பெட்டிகள் வரிசையாக நின்றன. வேறு யாரும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம். ஒருவரும் என்னைப் பார்க்காமல் நான் நின்றது அங்கேதான். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஒன்று, மஞ்சள். இரண்டு, மஞ்சள்.

மூன்றாவது சீட்டு கையில் நனைந்துபோயிற்று. வெளியே வோட்டு நடத்தும் துரை இருமினார். போட்டேன்.

காரில் இவர் கேட்டார்: “சரியா?”

“போட்டாச்சு.”

மூன்றில் இரண்டு காப்பாற்றினேன் என்று கணக்கு எழுதலாமா? முடியாது. முறிந்தால் முறிந்ததுதான்.

பிறை 29, திங்கள்

மஞ்சள் தோற்றுப்போனது. நீலமும் தோற்றதாம்! மூன்று ஆசனங்களும் வேறு ஆட்களுக்கு.

இவர் சாப்பிடவில்லை. “எங்கட வீட்டுப் பன்னண்டு சீட்டும் ஒழுங்கா உழுந்திச்சு. வெளியில எந்த முனாபிக் ஏமாத்தினானோ” என்றார். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு இருந்தேன்.

இனி அந்தத் திரை வண்டி வராது. அவளுக்காகக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

துல்கஃதா பிறை 1, செவ்வாய்

ஸஹருக்கு எழும்பினேன். நோன்பு.

பிறை 2

நோன்பு. மாமி கண்டுபிடித்துவிட்டார். “ஆறும்தான் முடிஞ்சே, இதென்ன?”

“கடன் நோன்பு மாமி.”

“றமழான்ல உட்டதா?”

“இல்ல. இது வேற கடன்.”

 மாமி எழும்பிப்போய் எனக்குக் கஞ்சிக்கு அரிசி களைந்து வைத்தார். ஏன் என்று தெரியவில்லை.

பிறை 3, வியாழன்

மூன்றாவதும் நிறைவேறியது. ரப்பே, ஏற்றுக்கொள்.

ஈத்தம்பழத்தால் நோன்பு திறந்துவிட்டு, தொழுதுவிட்டு, இவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“எலெக்சன் முடிஞ்சு. ஹபீலாவ பள்ளிக்கூடம் அனுப்புறதா இல்லையா?”

“ரோட்டுல எப்பிடி...”

“எங்கள வோட்டுக்குத் துணி கட்டின காருல கொண்டுபோனீங்கதானே? அதே துணிய ரிக்‌ஷாவுக்குக் கட்டலாம். கழுவி மடிச்சு வெச்சீக்கிறன்.”

மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருந்தார்.

“பாப்பம்” என்றார் இவர்.

“பாப்பம் வேணாம். ஓ எண்டு சொல்லுங்க, இல்லாட்டி இல்ல எண்டு சொல்லுங்க. நாளைக்கு ஜும்ஆவுக்குப் போக முந்திச் சொல்லுங்க.”