நடுப் பெடலை மாட்டி வைத்தது யார்?

அன்பு அம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. அங்கே தாத்தா உன் பக்கத்தில் இருந்தால், அவரிடம்கூட வேண்டாம்.

நீ போனபிறகு உன் பியானோவை விற்றுவிட அத்தை துடிக்கிறாள். போன வாரம் குற்றாலத்துப் பங்களாக்காரர் பார்க்க வந்தார். வாசித்தால், போர்வைக்குள் பேசுகிற மாதிரிச் சத்தம். "சாரல் ஈரத்துல செத்துப்போச்சு, அக்கா" என்றார்.

"பின்ன, இதப் பெட்டியாக்கிக் கருப்பட்டியப் போட்டு வைக்கச் சொல்லுதீயளா?" என்று அத்தை சீறினாள். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

வந்தவர் போனதும் குனிந்து பார்த்தேன். நடுப் பெடல் அமுங்கி, இடப்பக்கப் பள்ளத்தில் மாட்டியிருந்தது. அவர் பங்களாவில் இருக்கும் பெரிய படுக்கைப் பியானோவில் நடுப் பெடலை மிதித்தால், அந்த நேரம் விரலடியில் இருக்கும் சுரங்கள் மட்டும் நீளும் என்று நீதானே காட்டினாய்? இடது பெடலை மிதித்ததும் கட்டைகள் எல்லாம் சேர்ந்து நகர, நான் பயந்து கையை எடுத்தேனே! சுவரோடு நிற்கும் நம் பியானோவில் கட்டைகள் நகராது. கம்பியைத் தட்டும் சுத்திகள்தான் நெருங்கும். நடுப் பெடலோ சுத்திக்கும் கம்பிக்கும் நடுவே கம்பளிப் பட்டையை இறக்கிச் சத்தத்தை அடைத்துவிடும். அது அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

ஆனால் நம் வீட்டில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. யாருக்கு?

நேற்று பெடலைப் பள்ளத்திலிருந்து எடுத்துவிட்டேன். காலையில் மறுபடி மாட்டியிருந்தது. விற்க நினைக்கிற அத்தை ஏன் சத்தத்தை அடைக்க வேண்டும்? வேலைக்கார மாரியக்கா எட்டி நின்றுதான் தூசி தட்டுகிறாள். அப்பா உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து பியானோ பக்கம் திரும்புவதே இல்லை. எல்லோருடைய கால்களையும் உற்றுப் பார்க்கிறேன். "என்னட்டி, திருட்டு முழி முழிக்க?" என்று அத்தை கேட்டாள். பயமாக இருக்கிறது.

நாளை செங்கோட்டையிலிருந்து இன்னொருவர் வருகிறார். சத்தம் நன்றாக இருந்தால் வண்டியில் ஏற்றிவிடுவார். இருந்தும் இன்று பெடலை எடுத்துவிட்டுத்தான் மாடிக்கு வந்தேன். மாட்ட வருவது யாரென்று எனக்குத் தெரிய வேண்டும்; காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டியபடி எழுதுகிறேன். விடிவதற்குள் நானே மாட்டிவிடுவேன். யாராக இருந்தாலும் அத்தையிடம் காட்டிக்கொடுக்க மாட்டேன். இது உனக்குச் செய்து தருகிற சத்தியம்.

அம்மா, கீழே பியானோ! உன் தாலாட்டு. ஒற்றை விரலில், தடவித் தடவி. வீடு முழுக்கக் கேட்கிறது.

சட்டென்று நின்றுவிட்டது. இப்போது இருமல். அப்பாவின் இருமல்.

ஐயோ, பெடலை மாட்டி, யாருக்கும் கேட்காமல் தினமும் வாசித்திருக்கிறார். நேற்றுப் பார்த்து மாட்டியவர், இன்று இருட்டில் கவனிக்கவில்லை. நான் என்ன செய்துவிட்டேன்?

அத்தை கதவைத் தட்டுகிறாள். "ஏட்டி, சத்தம் நல்லாத்தான வருது! நீயா வாசிச்ச?"

நான்தான் என்று சொல்லப்போகிறேன்.

உன் மக