வாய் தைத்த பை

அன்புள்ள தையல்நாயகிக்கு, போலந்திலிருந்து சுப்பராயலு எழுதுவது. நீயும் நம்ம பெண் புனிதாவும் சுகந்தானே? முட்டிவலி தேவலையா? எனக்குக் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

இதைக் கொண்டுவரும் எங்கள் கம்பெனி விக்கிரவாண்டி கோபி இனி கொஞ்ச நாள் லீவில் ஊரில் இருப்பான். அவனில்லாத ஞாயிறுகளில் பேச ஆள் வேண்டுமே என்று, போன வாரம் அவனோடு டிஸ்க் கோல்ஃப் ஆடப் போனேன். தட்டை வீசி இரும்புக் கூடையில் போடுகிற ஆட்டம். இங்குள்ளவர்கள் கொடுத்த தட்டுகளை வைக்க, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மலிவுப் பையை நானே மாற்றினேன். உள்ளே அட்டைத் தடுப்பு வைத்து, தட்டுகளை அடுக்கி, கிழிசலைத் தைத்தேன். உன்னோடு போனில் பேசிக்கொண்டே தைத்தேனா, மண்டியில் மல்லாட்டை மூட்டை தைத்த கை பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டது! மைதானத்தில்தான் பார்த்தேன்.

"இன்னா மாமா, ஆட வந்தியா, லாரில லோடு ஏத்த வந்தியா?" என்றான் கோபி.

நான் பல்லால் நூலைக் கடிக்க, போலந்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கத்தி கொடுத்தார், இன்னொருவர் டீ கொடுத்தார். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கோபியிடம் முறுக்கு கொடுத்தனுப்பு. இந்தமுறை கொஞ்சம் கூடவே சுடு, பங்கு கேட்க ஆள் இருக்கிறது. அவனையும் அங்கே ரொம்ப நாள் தங்கவிடாதே.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன்
சுப்பராயலு