ஏழாம் மூட்டில் ஒட்டாத இரும்பு

எடியே,

ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மனிசி நாவற்பழம் குவித்து வைத்து விற்கிறா. அந்த மணம் மூக்கில் பட்டதும் நீ வந்து நிற்கிறாய், கூப்பிடாத விருந்தாளி மாதிரி. இரண்டு நாள் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போய்ப் பார்த்தேன். நீ போகிற பாடில்லை. அதனால் எழுதித் தொலைக்கிறேன். புகழ்ச்சியை எதிர்பார்க்காதே. அதற்கு உன் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

எஞ்சினியரின் கந்தோருக்கு நீ வருமுன்னமே நான் அங்கே இருந்தேன். பதினேழு வயது, தட்டச்சு தெரியும், வாய் அதைவிட வேகம். அவர் தாளில் எழுதித் தருவதை நான் கொம்பியூட்டரில் வரி வரியாக அடிப்பேன். முதலில் இரும்புகள் சேருகிற ஒவ்வொரு மூட்டின் இலக்கம், அது நீட்டுக்கு எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில். பிறகு எந்த மூட்டிலிருந்து எந்த மூட்டுக்கு இரும்பு போகிறது, எங்கே எவ்வளவு பாரம். படம் கிடையாது. எண்கள்தான். இருபது கட்டடம் அடித்த பிறகு அந்த எண்களுக்குள்ளேயே எனக்குக் கூரை தெரியத் தொடங்கியது.

நீ கொழும்பில் பழகிவிட்டு, புது மென்பொருளும், மவுஸ் என்று ஒரு எலியும் கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் வந்து இறங்கினாய். எலியை இழுத்தால் திரையில் கோடு விழும். கோடுகள் சேர்ந்தால் கூரை. எஞ்சினியர் கதிரையை இழுத்துப்போட்டு, படம் பார்க்க வந்தவர் மாதிரி இருந்துவிட்டார்.

"எடியே, நீ இன்னும் தந்தியோ அடிக்கிறாய்?" என்று நீ என்னைக் கேட்டாய்.

"நீ கீறு. கலரையும் அடிச்சுவிடு, கண்காட்சியிலை வைப்பம்."

"பொறாமையெண்டால் நேரை சொல்லு."

"எலிக்கு ஆரும் பொறாமைப்படுவினமோ?"

அடுத்த நாள் எலியின் வயிற்றைத் திறந்து, உள்ளே உருளும் குண்டை எடுத்துவிட்டு, அளவான நாவற்பழம் ஒன்றை வைத்தேன். நீ இழுத்த இழுப்பில் மேசையெல்லாம் ஊதா, உன் வெள்ளைச் சட்டைக் கையும் ஊதா. எஞ்சினியர் சிரித்தார். சிரித்துவிட்டு, "இனி உவள் சொல்லுறதிலை பத்துக்கு ஒண்டுதான் நம்பலாம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அது கந்தோரில் சட்டமாகிவிட்டது.

அதற்கு அடுத்த கிழமைதான் குருநகர் மீன்சந்தைக் கொட்டகை வந்தது. அந்தக் கூரைக்குக் கீழே விடியவிலிருந்து மத்தியானம் வரை கடகத்தோடு இருந்து மீன் விற்கப்போகிற பெண்களில் ஒருத்தி என்னுடைய அம்மா. அது உனக்குத் தெரியும். கூரையின் இரும்புச் சட்டத்தை நீதான் கீறினாய். நல்ல வடிவு, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு சாய்விரும்பில் மட்டும் பாரம் பூச்சியம் என்று வந்தது. "சும்மா நிக்கிற இரும்பு, எடுத்துவிடலாம்" என்று குறித்து வைத்தாய். இரும்புக்குத் தட்டுப்பாடான காலம், எஞ்சினியருக்கும் சந்தோசம்.

உன் படத்தோடு கூடவே அந்த மென்பொருள் எண்களையும் அச்சடித்துத் தள்ளும். நீ அவற்றை வாசிக்காமல் குப்பைக் கூடைக்குள் போடுவாய். நான் பொறுக்கி வாசித்தேன். முப்பது மூட்டுக் கூரையில் முப்பத்தொன்று இருந்தது. ஏழாம் மூட்டு நாலு மீற்றரில். முப்பத்தோராவது அதற்கு இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி. உன் சாய்விரும்பு ஏழில் ஒட்டவில்லை, பக்கத்தில் காற்றில் நின்றது. திரையில் இரண்டு சென்ரிமீற்றர் ஒரு புள்ளிக்குக் கூடக் காணாது. ஒட்டாத இரும்பில் பாரம் எப்படி வரும்?

"இஞ்சை பார், இது தொடுப்பில்லாமல் நிக்குது" என்றேன்.

"படத்தைப் பாரன். ஒட்டித்தானே இருக்கு?"

"படம் பொய். எண்ணைப் பார்."

"பழம் வைச்ச கைதானே. உதையும் நீதான் நகர்த்தி விட்டிருப்பாய்."

எஞ்சினியரிடம் ஓடினேன். அவர் நிமிராமலே, "இதுக்குள்ளை என்ன பழம் வைச்சிருக்கிறாய் பிள்ளை?" என்றார். அடுத்த நாள் கையெழுத்து வைத்து வெல்டிங்காரரிடம் கொடுக்கப்போகிற தாள் அது. மத்தியானம் சாப்பிடாமல் முழுக் கூரையையும் என் வரிகளில் அடித்தேன். நீ வெட்டச் சொன்ன அந்த இரும்புதான் ஆகக் கூடிய பாரத்தைத் தாங்குகிறது என்று வந்தது. தாளைக் கொண்டுவந்து உன் முன்னால் போட்டேன். "உன்ரை எழுத்து விளையாட்டை வீட்டை கொண்டுபோ" என்றாய். ஆனால் பஸ்ஸுக்கு எழும்பும்போது அதை மடித்து உன் பைக்குள் வைத்ததைக் கண்டேன்.

காலையில் இரும்பு படத்தில் இருந்தது, எல்லாவற்றிலும் தடிப்பாக. "பெரிசாக்கிப் பாத்தனான் சேர், ஒட்டாமல் இருந்தது" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். என் பக்கம் திரும்பவேயில்லை.

"சேர், அது நான் கண்டது" என்றேன்.

"ஓம் ஓம், நீதான். போய்த் தேத்தண்ணியைப் போடு."

போய்த் தேத்தண்ணியைப் போட்டேன். இரும்பு இடத்தில் இருக்கிறது, அம்மாவின் தலை பத்திரம். உன்னைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டேன். என்னென்ன செய்வது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேனடி. மாரியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டாய். பட்டியலில் ஒன்றைக்கூட என்னால் செய்ய முடியவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில், முதற் பக்கத்தில் உன் படம், மூன்றாம் பக்கத்தில் "சந்தைக் கூரை சரியாமல் காத்த செல்வி" என்று ஒரு வரி. அம்மா அந்தப் புத்தகத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறா. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அம்மா, அதைக் கண்டுபிடிச்சது நான்" என்று சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா.

"செத்த பிள்ளையிட்டையும் உன்ரை பகிடியோ?"

இப்போது யுத்தத்தால் ஊரில் கரண்ட் இல்லாமல் ஒரு வருசத்துக்கு மேல். கொம்பியூட்டர் சாக்குக்குள் கிடக்கிறது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு, ஒருபக்கச் சரிவுக் கொட்டகை, இறக்க வேண்டுமென்று போன மாதம் கேட்டு வந்தார்கள். எஞ்சினியர் ஒரு வழி கண்டார். நான் வரிகளைக் கொப்பித் தாளில் எழுத வேண்டும், அது தபாலில் கொழும்புக்குப் போகும், அங்கே யாரோ அடித்து விடையை அனுப்புவார்கள். உன் எலியைத் தபாலில் அனுப்ப முடியுமோ? எழுதும்போது முழு நேரமும் உன்னோடு சண்டை பிடித்தேன். வென்றுகொண்டே இருந்தேன்.

மூன்று தரம் வாசித்துச் சரி பார்த்தேன். பிறகு உனக்குப் பழிப்புக் காட்டத்தான், தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அந்தச் சாய்ப்பைக் கீறினேன். ஒரு தூண் நிற்காமல் அந்தரத்தில் படுத்துக் கிடந்தது. அதன் நீட்டத்தையும் உயரத்தையும் மாற்றி எழுதியிருந்தேன். மூன்று தரம் வாசித்தும் என் கண்ணில் படாதது, கோணல் மாணலாக நாலு கோடு இழுத்ததும் பல்லைக் காட்டியது.

அழித்துத் திருத்தினேன். எஞ்சினியர் வந்து, "எல்லாம் சரியோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர்."

"பிழை ஒண்டும் வரேல்லையோ?"

"இல்லை சேர்."

என்ன லேசாக வந்தது அந்தப் பொய். அன்று காலை நீ ஏன் என் பக்கம் திரும்பவில்லை என்று அப்போது விளங்கியது. விளங்கியது, அவ்வளவுதான். மன்னிப்பு என்று எங்கேயும் எழுதவில்லை, தேடிப் பார்க்காதே. ஞாயிறு பூசையில் அம்மா உனக்கென்று ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறா. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஊதுவதில்லை.

ஆனால் வரிகளை எழுதி முடித்தால், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு படம் கீறாமல் கடித உறையை ஒட்ட எனக்குக் கை வருவதில்லை. அந்தப் பழக்கம் உன்னுடையது. உன் முகத்தில் எறிந்துவிட்டு வரலாமென்றால், நீ இல்லை.